நேர்க்கோடும் மலைவழியும்

நுழையும்முன்

ஓர் ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், 'இருபது கிலோமீட்டர்' என்பார் ஒருவர்; 'முக்கால் மணி நேரம்' என்பார் மற்றொருவர். கேட்ட வினா ஒன்றுதான். ஆனால், முதலாமவர் நிலத்தை அளந்து சொல்கிறார். இரண்டாமவர் பயணத்தை அளந்து சொல்கிறார். சமவெளியில் இவ்விரு விடைகளுக்குமுள்ள இடைவெளி பெரிதாகத் தோன்றாது. மலையேறத் தொடங்கியதும் அது விரிந்துவிடுகிறது. சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் வழியைக் கொண்டு அதனை அறிய முயல்வோம்.

இரண்டு தொலைவுகள்

சேலம் மாவட்ட வரைபடத்தை விரித்து, சேலம் நகரையும் ஏற்காட்டையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். அளவுத்திட்டப்படி கணக்கிட்டால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வரும். பள்ளிக்கு அன்றாடம் மிதிவண்டியில் செல்லும் மாணவர்க்கு இது அஞ்சத்தக்க தொலைவன்று. ஆனால், சாலைவழியே சென்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கோட்டைப்போல் இருமடங்குக்கும் மேலாகச் சாலை நீண்டுவிடுகிறது. பேருந்து இவ்வழியைக் கடக்க ஒரு மணி நேரமாவது ஆகும். பேருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்பது அதன் வேகமானிக் கணக்கு. நேர்க்கோட்டின்படி பார்த்தாலோ, அந்த ஒரு மணி நேரத்தில் அது ஏற்காட்டை நோக்கி 14 கிலோமீட்டர்தான் நெருங்கியிருக்கிறது. பெரிய பேருந்து ஒன்று முழுவிசையோடு உறுமி ஏறியும், கணக்கில் மிதிவண்டியின் வேகத்தையே எட்டுகிறது.

இதில் நாம் மறந்துவிடும் மூன்றாவது அளவு ஒன்று உண்டு. அது உயரம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு 1515 மீட்டர் உயரத்தில் உள்ளது. அம்மலைத்தொடரின் உச்சியாகிய சேர்வராயன் கோவில் பகுதி 1623 மீட்டர். தட்டையான தாளில் அச்சிட்ட வரைபடம் இந்த ஏற்றத்தைக் கோடுகளாலும் வண்ணங்களாலும் குறிப்பால் உணர்த்தலாமேயன்றி, அளவுகோலின் அடியில் கொண்டுவர இயலாது.

கோட்டை அளந்த வரலாறு

இடையே மலையும் காடும் ஆறும் கிடக்க, இரு இடங்களுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவை எப்படி அறிந்தார்கள்? சங்கிலியை நீட்டிக்கொண்டு மலையைத் துளைத்துச் செல்ல முடியாதல்லவா? இதற்கான விடை தமிழ்நாட்டு மண்ணில்தான் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் வில்லியம் லாம்டன் என்னும் நிலஅளவையாளர் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்தை அளக்க அவருக்கு 57 நாள்கள் ஆயின. ஒரு நாளைக்கு இருநூறு மீட்டர் அளவே முன்னேறினார் என்பதிலிருந்து அவருடைய கண்டிப்பு விளங்கும்.

அந்த ஒரு கோடு மட்டும் பிழையின்றி அமைந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலும் நின்று, தொலைவில் தெரியும் ஓர் உச்சியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். கணிதப் பாடத்தில் நீங்கள் படிக்கும் சைன் விதி இதுவே. புதிதாகக் கிடைத்த பக்கத்தை அடிக்கோடாக்கி அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது. இவ்வாறு மலையுச்சிகளும் கோபுரங்களும் முக்கோணங்களின் முனைகளாயின. கோணங்களை அளந்த கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோவில்மீது அதனை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்டனே அதனைச் செப்பனிட்டு மீண்டும் பணியைத் தொடர்ந்தார். ஒருமுறைகூட நடந்து பாராத தொலைவையும் துல்லியமாகச் சொல்லும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்தது இத்தகைய உழைப்பால்தான்.

வானூர்தியும் நேராகச் செல்வதில்லை

வளைவும் மேடும் தரையின் தொல்லைகள். வானில் செல்வோருக்கு நேர்க்கோடே வழி என்று நாம் எண்ணுவது இயல்பு. சேலத்தின் வானூர்தி நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. 1993இல் திறக்கப்பட்ட அந்நிலையம், சேவை தொடங்குவதும் நிற்பதுமாகப் பல ஆண்டுகளைக் கடந்தது. 'உடான்' திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்குச் சேவை தொடங்கியது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. சென்னை நிலையத்துக்கும் காமலாபுரத்துக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 265 கிலோமீட்டர். இவ்வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்லவல்லது. அவ்வாறாயின் பயண நேரம் 32 நிமிடங்களாக இருக்க வேண்டும். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்கிறது.

எஞ்சிய அரை மணி எங்கே போயிற்று? கால அட்டவணை, விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், மறு நிலையத்தில் நகர்வு ஓய்ந்து நிற்பது வரை கணக்கிடுகிறது. சென்னை போன்ற நெரிசல் மிக்க நிலையத்தில் ஓடுபாதைவரை ஊர்ந்து சென்று முறைக்காகக் காத்திருக்க வேண்டும். எழும்பும்போது உயரத்தைப் பெறுவதற்காக வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். காற்றை எதிர்கொண்டு எழுவதும் இறங்குவதுமே பாதுகாப்பானவை. ஆதலால், செல்ல வேண்டிய திசை ஒன்றாகவும் ஓடுபாதை காட்டும் திசை வேறாகவும் இருந்தால், சுற்றித் திரும்பியே ஆக வேண்டும். இறங்குமிடத்துக்கு அருகில் மலை இருந்தால், அதற்குரிய பாதுகாப்பான உயரத்தை விட்டுத் தாழக் கூடாது. ஆக, வானத்திலும் வளைவுகள் உண்டு. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலையன்று. இலண்டனுக்கும் பாரிசுக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு 344 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் தாரை விமானங்கள் அவ்வழியில் செல்கின்றன. கணக்குப்படி அரை மணிகூட ஆகாது. அட்டவணையில் ஒன்றேகால் மணிக்குக் குறையாது. 1919 ஆகஸ்டு 25இல் இவ்விரு நகரங்களுக்கிடையே அன்றாட விமானச் சேவை தொடங்கியபோது பயண நேரம் ஏறத்தாழ இரண்டரை மணி. அன்றைய விமானத்தைவிட இன்றைய விமானம் நான்கு மடங்கு விரைவாகப் பறந்தும், பயண நேரம் பாதியளவே குறைந்திருக்கிறது. ஆங்கிலக் கால்வாயின் அடியில் 1994இல் திறக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே செல்லும் இரயில், இலண்டன் நகருக்குள்ளிருந்து பாரிஸ் நகருக்குள் இரண்டேகால் மணியளவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விமானப் பயணி வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்லும் நேரத்தையும், அங்கே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், மெதுவாகச் செல்லும் இரயிலே முந்திக்கொள்கிறது.

சென்னை–சேலம் வழியிலும் இப்போட்டி உண்டு. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் இரயில், சேலம் சந்திப்பை மூன்றரை மணியளவில் அடைகிறது. விமானத்தை விரும்புவோர் மீனம்பாக்கத்துக்குப் பறப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே சென்றாக வேண்டும். இறங்கியபின் காமலாபுரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சாலைவழி வர வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

கடைசிப் பதினைந்து கிலோமீட்டர்

சென்னையிலிருந்து விமானத்தில் வந்து ஏற்காடு செல்ல விரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சென்னை நிலையத்தையும் காமலாபுரத்தையும் வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு ஏற்காட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளிச் செல்லும். அவர் போக வேண்டிய ஊரை ஒட்டியே விமானம் பறந்து, அதனைத் தாண்டி மேற்கே போய் இறங்குகிறது. ஏற்காடும் காமலாபுரமும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் உள்ளன. நிலையத்திலிருந்து நேர் கிழக்கே 15, 16 கிலோமீட்டர் சென்றால் ஏற்காடு. ஆனால், அப்படி ஒரு வழி இல்லை. அவர் தெற்கே சேலத்துக்கு வந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி, அடிவாரம் சென்று, மலைப்பாதையில் ஏறியாக வேண்டும். இதற்கு ஒன்றரை மணி நேரமேனும் வேண்டும். 265 கிலோமீட்டரை ஒரு மணியில் கடந்தவருக்கு, எஞ்சிய 15 கிலோமீட்டரே நீண்ட பயணமாகிவிடுகிறது.

சாலை ஏன் வளைகிறது?

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொண்டையில் செருகும் ஊசியைப்போலச் சாலை சென்ற திசையிலிருந்து முற்றிலும் திரும்பி, எதிர்த்திசையில் மேலேறுவதால் இப்பெயர் பெற்றது. பேருந்தில் சாளர ஓரம் அமர்ந்திருப்பவருக்குச் சேலம் நகரம் ஒருகால் வலப்புறம் தெரியும். அடுத்த வளைவில் மறைந்துவிடும். அதற்கடுத்ததில் இன்னும் சிறிதாகித் தோன்றும். முன்னே போகிறோமா, வந்த வழியே திரும்புகிறோமா என்னும் மயக்கமும் வரும். வரைபடத்தில் பார்த்தால் சாலை தன் இலக்கைவிட்டு விலகிப் போவதுபோலவே பல இடங்களில் தோன்றும். உண்மையில் அது விலகுவதில்லை. தொலைவைக் கொடுத்து உயரத்தை வாங்குகிறது.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 1100 மீட்டர் உயரத்தை 20 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில் ஏறுவதாகக் கொள்வோம். 18 மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் உயர்வோம். சுமை ஏற்றிய சரக்குந்தும் தாழ்ந்த பல்லிணைப்பில் இந்த ஏற்றத்தைச் சமாளித்துவிடும். அதே உயரத்தை 7 கிலோமீட்டர் நீளத்தில் ஏற முயன்றால், ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர வேண்டும். ஏறும்போது எந்திரம் திணறும். இறங்கும்போது தடைக்கருவி சூடேறி வலுவிழக்கும். ஆகவே, சாலை அமைத்தோர் வீண் சுற்றுச் சுற்றவில்லை. சறுக்காமல் ஏறவும் உருளாமல் இறங்கவும் ஏற்ற சரிவைத் தேடியே வளைந்திருக்கின்றனர்.

வளைவில் விரைந்து செல்ல முடியாததற்கும் இயற்பியல் காரணம் உண்டு. வளையும் வண்டிக்குத் தேவைப்படும் மையநோக்கு விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு வேண்டும். அதனைத் தர வேண்டியது சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. மழையாலும் உதிர்ந்த இலைகளாலும் உராய்வு குறைந்திருக்கும் வேளையில், வேகத்தைக் குறைப்பதன்றி வேறு வழியில்லை. மலைச்சாலையில் இறங்கும் வண்டி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்னும் விதியும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே அதன் காரணம்.

தெரிந்து தெளிவோம்

கூப்பிட்டால் கேட்கும் அளவு கூப்பிடு தொலைவு. ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிடங்களில், நடந்து கடக்கும் அளவு நாழிகைவழி. காதம் என்பது ஏறத்தாழ பத்து மைல் என்று கொள்வர். இடத்துக்கு இடம் இது மாறியதும் உண்டு.

நடப்பவரின் அளவுகோல்

மேற்கண்ட பழைய அளவுகளைக் கூர்ந்து நோக்குக. அவற்றுள் குரலும் காலும் பொழுதும் அளவுகோல்களாக இருக்கின்றன. நாழிகைவழி என்பது நிலத்தின் அளவா, நேரத்தின் அளவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நடப்பவருக்கு அப்பிரிவினை தேவைப்படவும் இல்லை. துல்லியம் குறைந்தவை என்று இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. வழிப்போக்கர்க்கு வேண்டிய செய்தியை இவை நேராகச் சொல்லின என்பதையும் மறுக்க இயலாது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இவ்வகையில் வியப்பூட்டும் நூல். 583 அடிகளைக் கொண்ட இந்நூலைப் பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தர் தலைவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு மலைவழியைக் காட்டுவதாக அது அமைந்துள்ளது. அந்தச் செங்கண்மாவே இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். வழி எப்படிப்பட்டது, எங்கே வழுக்கும், எங்கே விலங்குகளுக்கு வைத்த பொறிகள் இருக்கும், எங்கே பாம்புக்கு அஞ்ச வேண்டும், எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்பனவற்றை அது விரித்துரைக்கிறது. மலைவழியை எண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது என்பதை அப்புலவர் நன்கறிந்திருந்தார். இன்று கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி நீலக்கோடு ஒன்றைக் காட்டி நிமிடக் கணக்கும் சொல்கிறது. பயனுள்ளதுதான். ஆனால், பத்தாவது வளைவில் பனிமூட்டம் இறங்கியிருப்பதை அது எப்போதும் அறிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மலையில் வாழ்வோரின் தொலைவு

இதுவரை பயணியின் பக்கம் நின்று பேசினோம். சுற்றுலா வருபவருக்கு ஒரு மணி நேர மலைப்பயணம் இன்பம். வழி நீண்டால் காட்சியும் நீளும். மலையிலேயே வாழ்பவருக்கு அவ்வாறன்று.

சேர்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகின்றனர். இவர்கள் தமிழ் பேசும் மக்கள். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் இப்பெயரை விளக்குவர். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் பெருகின, வெளியார் வருகை பெருகியது, ஏற்காடு கோடை வாழிடமாயிற்று. நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் முதலிய ஊர்களின் மக்களுக்கு ஏற்காடு பயணத்தின் முடிவன்று, இடைவழி. தம் ஊரிலிருந்து முதலில் ஏற்காட்டுக்கு வந்து, பின்னரே பலர் சேலத்துக்கு இறங்குகின்றனர். சுற்றுலாப் பயணியின் பயணம் முடியும் இடத்தில் அவர்கள் பாதி வழியில் நிற்கின்றனர்.

மகப்பேற்று வலி கண்ட பெண்ணையோ, பாம்பு தீண்டியவரையோ எண்ணிப் பாருங்கள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. உயர் சிகிச்சை வேண்டுமாயின் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் இறங்க வேண்டும். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை மலைக்கும் வருகிறது. அது பெரும்பேறு. ஆனால், ஊர்தி எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் இருபது வளைவுகளையும் இருபது வளைவுகளாகவே கடக்க வேண்டும். நோயாளி படுத்திருக்கும் ஊர்தி, வெற்று ஊர்தியைவிட மெதுவாகவே வளைய வேண்டும். விபத்துக்குப் பின்வரும் முதல் ஒரு மணி நேரத்தை மருத்துவர்கள் பொன்னான நேரம் என்பர். அந்த ஒரு மணி நேரத்தை இங்குச் சாலையே எடுத்துக்கொள்கிறது.

அரசின் திட்டங்களும் இதனை ஓரளவு உணர்ந்தவையே. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் பகுதிகளிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது நம் நாட்டின் அளவுகோல். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர். மலையில் 3,000 பேர். நல்ல சலுகைதான். ஆயினும், இது தலைகளை எண்ணும் கணக்கு. வழியில் கழியும் நிமிடங்களை எண்ணும் கணக்கு வேறு. வரைபடத்தில் கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, இதற்குள் இருக்கும் ஊர்களெல்லாம் மருத்துவமனைக்கு அருகில் உள்ளவை என்று கொண்டால், சேலத்தை மையமாகக் கொண்ட 15 கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஏற்காடும் அடங்கிவிடும்! அந்த வட்டத்தை நம்பித் திட்டமிடுவோர், ஒரு மணி நேரத்தைக் கவனியாமல் விட்டவராவர்.

வழியும் எப்போதும் ஒரேமாதிரி இருப்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து தடைப்பட்டது. ஏற்காட்டுக்குச் சேலத்தின் கிழக்கே குப்பனூர் வழியாகச் செல்லும் மற்றொரு சாலையும் உண்டு. அது சுற்று மிகுந்தது. முதன்மைப் பாதை அடைபடும் நாளில் மருத்துவமனை இருந்த இடத்திலேயே இருக்கும். நேர்க்கோடும் அதே 14 கிலோமீட்டராகவே இருக்கும். மலையூர்களுக்கு மட்டும் சேலம் இன்னும் தொலைவுக்குப் போய்விடும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவை வரைபடத்தில் அளந்து, நீங்கள் வரும் வழியின் நீளத்தையும் ஆகும் நேரத்தையும் அதனோடு ஒப்பிட்டு எழுதுக. மழைநாளிலும் அவ்வாறே அளந்து வேறுபாட்டைக் குறிக்க.

உங்கள் ஊரிலுள்ள முதியோரிடம் பேசி, அவர்கள் இளமையில் தொலைவைக் குறிக்கப் பயன்படுத்திய சொற்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக்காட்டுக.

உங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் செல்லும் வழியை, முன்பின் அறியாத ஒருவருக்கு உதவும் வகையில், மலைபடுகடாம் போல இடர்களையும் தங்குமிடங்களையும் சுட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.